நுரையீரலில் படியும் மண்ணையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர், திருநெல்வேலி;
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்கள்;
மாவட்டக் காசநோய் மையத்தின் மருத்துவர்கள்;
நெல்லைச் சீமையின் பவுண்டரி, பட்டறை உரிமையாளர்கள்.

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரியில் குழம்பு தெறித்து ஒருவர் காலில் விழுந்தால் அன்றைக்கே வேலை நிற்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது, விசாரணை என்று யாராவது வந்து நிற்கிறார்கள். அதே பவுண்டரியில் பதினைந்து வருடம் வார்ப்பு மண்ணின் தூசியைச் சுவாசித்து, மாடிப்படி ஏறமுடியாமல் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டால், அவர் ‘உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டவர்’ என்று மட்டுமே நினைவில் இருக்கிறார். மருத்துவமனைச் சீட்டில் அவருக்குப் பெரும்பாலும் காசநோய் என்று எழுதப்படுகிறது. அவர் செய்த வேலை எது என்பது அந்தச் சீட்டில் இருப்பதில்லை. இந்தத் தூசி நோயைக் கண்டுபிடித்து, அதற்குரிய பெயரைச் சொல்லி, பதிவு செய்யுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். நோய் பதிவாகத் தொடங்கினால்தான் தூசியைக் குறைக்கும் வேலையும் தொடங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் வார்ப்புக்கு மண்ணில் அச்சு எடுக்கும் மோல்டராக வேலை பழகி, பின்பு மோல்டிங் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயம்புத்தூரிலும் பின்னர் சொந்த ஊர்ப் பக்கத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூரைப் போல நெல்லை பவுண்டரிக்குப் பேர்போன ஊர் அன்று. பம்ப்செட்டும் மோட்டாரும் வளர்ந்த அந்த ஊரில் வார்ப்படத் தொழிலுக்கென்று சங்கங்கள் உண்டு, கல்லூரிகளில் பாடம் உண்டு, நோயைப் பற்றிக் கொஞ்சமாவது பேச்சு உண்டு. நம் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய ஆலைகள், அம்பாசமுத்திரம் பக்கம் வாகைகுளத்தில் குத்துவிளக்கும் மணியும் வார்க்கும் பட்டறைகள், இவை போக வெளியூர் பவுண்டரிகளில் இளமையைக் கொடுத்துவிட்டு மூச்சிரைப்போடு ஊர் திரும்பியவர்கள் என்று ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். சிதறிக் கிடப்பதாலேயே அவர்கள் யார் கண்ணிலும் படவில்லை.

இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக வேலையின் போக்கைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. வார்ப்பு மண் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா மணல். அதில் பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் தண்ணீரும் கலந்து, வார்க்கவேண்டிய பொருளின் மாதிரி வடிவமான பேட்டர்னைச் சுற்றிப் பெட்டியில் இடித்து நிரப்புகிறோம். இந்தக் கட்டத்தில் மண் ஈரமாக இருப்பதால் தூசி அதிகம் எழாது. ஏறத்தாழ 1,400 டிகிரி சூட்டில் இரும்புக் குழம்பை ஊற்றிய பிறகுதான் நிலைமை மாறுகிறது. குழம்பை ஒட்டிய மண்ணில் ஈரம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது, சூட்டில் மணல் பருக்கைகள் வெடித்து நுணுகுகின்றன, களிமண்ணின் பிடிப்பு போய்விடுகிறது. அதே மண்ணை மறுபடி மறுபடி பயன்படுத்துவதால் அது நாளுக்கு நாள் இன்னும் நைசாகிறது. வார்ப்பு ஆறியதும் பெட்டியை உடைத்து மண்ணை உதிர்க்கும் நாக்-அவுட் வேலையில், இந்த எரிந்த மண் மொத்தமும் ஒரே நேரத்தில் காற்றில் கிளம்புகிறது.

மாலை நேரத்தில் நாக்-அவுட் நடக்கும் கூடத்தை ஒருமுறை வந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கூரைத் தகட்டில் ஆணி போன ஓட்டைகள் வழியாக மேற்கு வெயில் சாய்வாக இறங்கும். அந்த வெயில் விழும் இடத்தில் மட்டும் தூசி தெரியும், மற்ற இடமெல்லாம் காற்று சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும். ஒருவர் சம்மட்டியால் பெட்டியைத் தட்டுவார், இருவர் கம்பியால் மண்ணைக் கிளறி வார்ப்பை இழுப்பார்கள், வாயையும் மூக்கையும் சுற்றி ஆளுக்கொரு துண்டு கட்டியிருப்பார்கள். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் குழாயை எடுத்து, ஒருவர் மேலிருக்கும் தூசியை இன்னொருவர் காற்றடித்து ஊதிவிடுவார். வீட்டுக்குத் தூசியோடு போகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம் அது. ஆனால் சட்டையில் படிந்து அடங்கிக் கிடந்த மிக நுண்ணிய தூசியைத்தான் அந்தக் காற்று திரும்பக் கிளப்பி இருவர் மூக்குக்கும் நேராகக் கொண்டு சேர்க்கிறது. பின்பு தரையை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டுவார்கள். நாள் முழுவதும் அடங்கிய தூசி அப்போது இன்னொரு முறை எழும்பும்.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக் கொள்ளும். சளியோடு வெளியே வந்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான பருக்கைகளே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. அங்கே உடம்பின் காவல் செல்கள் அவற்றை விழுங்கப் பார்த்து, விழுங்க முடியாமல் செத்து, சுற்றிலும் தழும்பு உண்டாகிறது. தழும்பான இடத்தில் காற்று ஏறாது. சாதாரணமாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக் கொள்ளும் இந்நோய், தூசி அதிகமென்றால் ஐந்தாறு வருடத்திலேயே தலைகாட்டும். சிலிக்கோசிஸ் என்பது இதன் பெயர். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகக்கூடும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது. இரும்பு, எஃகு வார்க்கும் தொழிலையே அந்த அமைப்பு, புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இனி காசநோய் விஷயத்துக்கு வருகிறேன். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலின் மேற்பகுதியில் எக்ஸ்ரேயில் தெரியும் புள்ளிகளும் திட்டுகளும் காசநோயின் நிழலைப் போலவே இருக்கும். இருமல், இளைப்பு, உடல் மெலிவு என்று அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். சளியில் கிருமி தென்படாவிட்டாலும் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் மருந்து தொடங்குவது மருத்துவ நடைமுறையில் உள்ளதுதான். நம் நாட்டில் காசநோய் இருக்கும் அளவுக்கு அதில் தவறு காணவும் முடியாது. சிக்கலை இன்னும் கூட்டுவது, சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு உண்மையாகவே காசநோய் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது. ஆகவே ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து இருக்கலாம், ஒன்றை இன்னொன்று மறைக்கலாம். இதைப் பிரித்தறிவதற்கு மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, “என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம், எந்த இடத்தில்?” என்னும் கேள்விதான்.

என்னோடு நாக்-அவுட்டிலும், வார்ப்பின் பிசிறுகளை நீக்கும் பெட்லிங்கிலும் பல வருடம் நின்ற ஒருவர், இன்று உயிரோடு இல்லை. ஆறு மாதக் காசநோய் மருந்தை ஒரு மாத்திரை விடாமல் முடித்தவர். இருமல் நிற்காததால் மறுபடி தொடங்கி, மறுபடி முடித்தவர். அந்தக் காலத்தில் அவர் மனைவி தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார். பேரப்பிள்ளையை மடியில் போட அவரே பயந்தார். கடைசியில் வேறோர் ஊரில் நெஞ்சு மருத்துவர் ஒருவர் வேலையைப் பற்றி விசாரித்து, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது மண் தூசியால் வந்த நோய் என்றார். ஊருக்கு வந்து என்னைப் பார்த்தபோது அவர் கேட்டது எனக்கு மறக்கவில்லை: “அண்ணாச்சி, இது டிபி இல்லன்னா, இத்தன நாளும் பிள்ளைய தூக்காம இருந்தேனே, அது எதுக்கு?” அவர் வேலை பார்த்த நிறுவனம் அதற்குள் அவர் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தது. வேலையில் சேர்ந்தபோது அவர் நெஞ்சைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை என்பதால், நோய் அங்கே வந்ததுதான் என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை.

நோயின் பெயர் மாறுவதால் குடும்பம் இழப்பது கொஞ்சமன்று. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டமும் தங்கள் தொழில்நோய் அட்டவணைகளில் சிலிக்கோசிசைச் சேர்த்திருந்தன. அவற்றின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே வைத்திருக்கிறது. தொழில்நோய் என்று உறுதியானால் ஊனப் பலன் உண்டு. அதனால் இறந்தால், இஎஸ்ஐயில் இருந்தவரைச் சார்ந்திருப்போருக்கு மாதந்தோறும் பணம் உண்டு. காசநோய் என்று சீட்டில் எழுதப்பட்டவருக்கு இவற்றைக் கேட்கும் வழியே பிறப்பதில்லை. முதலாளியிடமும் யாரும் போய்க் கேள்வி கேட்பதில்லை, அவரும் நோய் தம் கூரைக்குக் கீழே உண்டானது என்பதை அறியாமலே அடுத்த ஆளை அதே இடத்தில் நிறுத்துகிறார்.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் முதல் அட்டவணையிலேயே பவுண்டரிகளை அபாயகரமான செயல்முறைகளின் கீழ் வைத்தது. அப்படிப்பட்ட வேலையில் ஒருவரைச் சேர்க்கும் முன்பும், வேலையில் இருக்கும்போது குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மருத்துவப் பரிசோதனை செய்து, அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 41-சி பிரிவு கூறியது. தூசி கிளம்பும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே உறிஞ்சு கருவி வைக்கவேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறியது. சிலிக்கோசிஸ் நோயாளியைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகள் ஆய்வுத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 89ஆம் பிரிவு கூறியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பும் பவுண்டரிகளை அபாயப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்கிறது. சிலிக்கோசிசை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாகவும் வைத்திருக்கிறது. மருத்துவர்களிடமிருந்து அப்படி எத்தனை அறிவிக்கைகள் இம்மாவட்டத்தில் வந்திருக்கின்றன என்பதை அலுவலர்கள் தங்கள் கோப்புகளைப் பார்த்துப் பொதுவில் தெரிவிக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறேன். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், அது நமக்கு ஒரு தொடக்கப் புள்ளியாகும்.

அளவீட்டைப் பற்றியும் ஒரு சொல். சுவாசத்தில் உள்ளே போகும் தூசியில் குவார்ட்ஸ் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அத்துடன் இரண்டைக் கூட்டி, பத்தை அதனால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கலாம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விட்டுவைத்த மில்லிகிராம் கணக்கு. தூசியில் குவார்ட்ஸ் 20 விழுக்காடு என்றால் சுமார் 0.45 மில்லிகிராம் தூசி, அதற்குள் 0.09 மில்லிகிராம் குவார்ட்ஸ். அமெரிக்கா 2016இல் இந்தக் குவார்ட்ஸ் அளவை 0.05 ஆக இறக்கிவிட்டது. நம் அளவையும் இறக்க வேண்டும் என்பது நியாயமே. என்றாலும், இருக்கும் அளவையே யாரும் காற்றை உறிஞ்சும் பம்பும் தூசியைப் பிடிக்கும் வடிதாளும் மாட்டி அளந்து பார்க்காத இடத்தில், எண்ணைப் பற்றிய விவாதம் இரண்டாவது காரியம். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என் சட்டைக் காலரில் தூசி மாதிரி எடுக்கும் கருவி ஒன்றை யாரும் மாட்டியதில்லை.

சட்டத்தின் கை எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. பழைய சட்டத்தில் மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20 பேர் ஆகிவிட்டது, மின்விசை இல்லாத இடத்துக்கு 40 பேர். நம் பக்கத்துப் பவுண்டரிகளிலும் பட்டறைகளிலும் பல இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும். நுரையீரலுக்கு ஆள் கணக்கு தெரியாது. ஆறு பேர் நிற்கும் தாழ்ந்த கூரைப் பட்டறையில் தூசி, அறுபது பேர் நிற்கும் உயர்ந்த கூடத்தைவிட அதிகமாகவே இருக்கும். அபாயகரமான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இஎஸ்ஐ பொருந்தும் என்ற வழியைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு திறந்திருக்கிறது. சிறு பவுண்டரிகள் அந்த அறிவிப்புக்குள் தப்பாமல் வரவேண்டும் என்று மாவட்ட நிர்வாகமும் இயக்ககமும் மாநில அரசின் வழியாக வலியுறுத்த வேண்டும். அதற்கு முன்னதாக, எங்கெங்கே உலை எரிகிறது என்ற பட்டியலாவது நம் கையில் இருக்கவேண்டும். மின் இணைப்பு, உள்ளாட்சி உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் பட்டியல் பெரும்பாலும் வந்துவிடும். மீதியைக் கிராம நிர்வாக அலுவலர்கள் சொல்வார்கள்.

பித்தளையும் வெண்கலமும் வார்க்கும் பட்டறைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அங்கே ஆபத்தின் முகம் வேறு. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. பித்தளை உருகும் சூடும் ஏறத்தாழ அதுதான். ஆகவே உலோகம் உருக்கும் கலமான மூசையைத் திறந்து குழம்பைக் கிண்டும்போது இலவம்பஞ்சு பறப்பதுபோல வெண்ணிறத் துகள் கூரை வரை எழும்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையோ இரவோ நாக்கில் உலோகச் சுவை, குளிர், நடுக்கம், காய்ச்சல் வரும். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் தானாகப் போய்விடும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்களன்று இது அதிகமாக வருவது இதன் இயல்பு. மலேரியா என்றும் வெயில் காய்ச்சல் என்றும் எண்ணி மாத்திரை விழுங்குவோர் பலர். துத்தநாகமாவது காய்ச்சலோடு விடுகிறது. பழைய குழாய்த் திருகுகளும் வால்வுகளும் கலந்த உடைசலை உருக்கும்போது வெளிவரும் ஈயம் உடம்பிலேயே தங்கிவிடும். வீடும் பட்டறையும் ஒட்டியிருக்கும் இடங்களில் அது திண்ணையில் தவழும் குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. உலைக்கு மேல் புகையைப் பிடிக்கும் ஒரு கூம்பு மூடியும் உயர்ந்த புகைபோக்கியும், பட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவரும், கை கழுவிய பிறகே சாப்பாடு என்ற வழக்கமும் இதைப் பெருமளவு குறைக்கும். கைத்தொழில் வளர்ச்சிக்கென்று கடனும் கண்காட்சியும் ஏற்பாடு செய்யும் துறைகள், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் முகாம் ஒன்றையும் இப்பட்டறை ஊர்களில் நடத்த வேண்டும். அதில் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது.

வெளிமாநிலத்திலிருந்து வந்து நாக்-அவுட்டிலும் கிரைண்டிங்கிலும் நிற்கும் இளைஞர்கள், இந்தக் கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அழைத்து வருகிறார், இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊருக்குக் கொண்டு போகிறார். நோய் வெளிப்படும்போது அவர்கள் பீகாரிலோ ஒடிசாவிலோ ஏதோ ஒரு கிராமத்தில் இருப்பார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் சேர்ந்த நாளின் எக்ஸ்ரேயும் மூச்சின் திறனைக் காட்டும் ஸ்பைரோமெட்ரி அளவும் வேலையின் வகையும் குறித்த ஓர் அட்டை வேண்டும். அது நிறுவனத்தின் பீரோவில் இருக்காமல் அவர் கையிலேயே இருக்கவேண்டும், போகும் இடமெல்லாம் அவரோடு போகவேண்டும். தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டால் போதும்.

ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெல்லையிலிருந்து மட்டுமன்றித் தென்காசி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அங்கே மாதம் ஒரு நாள் தொழில்சார் நுரையீரல் நோய்களுக்கென்று புறநோயாளிப் பிரிவு நடத்தலாம். நெஞ்சு மருத்துவர், கதிரியக்க மருத்துவர், இஎஸ்ஐ மருத்துவர், இயக்ககத்தின் சான்றளிக்கும் மருத்துவர் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து எக்ஸ்ரேயைப் பார்த்தால், தொழிலாளி நான்கு வாசலில் நிற்க வேண்டியதில்லை. தூசி நோய்க்கான எக்ஸ்ரேயைப் படிப்பதற்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாடு இருக்கிறது. இரண்டு மருத்துவர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தால் போதும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், நுரையீரல் சேதத்தைத் தொடக்கத்திலேயே காட்டக்கூடிய சிசி16 என்னும் புரதத்தை இரத்தத்தில் பார்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதையும் இங்கே கொண்டுவர முயலலாம். காசநோய் மையத்திடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது: நோயாளியைப் பதியும் தாளில் அவர் பார்த்த வேலை என்ற கட்டத்தை வெறுமனே ‘கூலி’ என்று நிரப்பாமல், பவுண்டரியா, கல்குவாரியா, கிரஷரா, கல் செதுக்கும் வேலையா என்று கேட்டு எழுதுங்கள். சளியில் கிருமி இல்லாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மருந்து தொடங்கிய, மருந்து முடித்தும் இளைப்பு நிற்காத ஒவ்வொருவரையும் மேற்சொன்ன பிரிவுக்கு அனுப்புங்கள்.

கல் வெட்டும் தொழிலாளர்கள் மிகுந்த ராஜஸ்தான், 2019இல் தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, சான்று பெற்ற நோயாளிக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் அரசே கொடுக்க ஏற்பாடு செய்தது. முதலாளியைத் தேடிப்பிடித்து நிரூபிக்கும் சுமை அங்கே நோயாளியின் தலையில் விழவில்லை. தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு கொள்கை வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த சான்றுகளை வைத்து, இரும்பின் பழக்கம் நம் மண்ணில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தபோது பொருநைக் கரையில் பிறந்த எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த இரும்பை இன்றும் உருக்கி ஊற்றுகிறவனின் நெஞ்சைப் பார்க்கவும் அதே அரசுக்கு மனம் இருக்கும் என்று நம்பியே எழுதுகிறேன்.

உரிமையாளர்களிடம் சில வார்த்தைகள். உங்களில் பலர் மோல்டராக இருந்து முதலாளி ஆனவர்கள். இதே தூசியைச் சுவாசித்தவர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. பெட்டி உடைப்பதற்கு முன் மண்ணில் தண்ணீர் தெளிப்பதற்கும் (வார்ப்பும் மண்ணும் நன்றாக ஆறிய பிறகே), உலர்ந்த விளக்குமாற்றை விட்டு ஈரமாகக் கூட்டுவதற்கும், கம்ப்ரசர் காற்றால் உடம்பை ஊதுவதை நிறுத்துவதற்கும் பெரிய செலவில்லை, நாளைக்கே செய்யலாம். நாக்-அவுட்டைத் தனி இடத்துக்கு ஒதுக்கி, மற்றவர்கள் போன பிறகு செய்வதற்கும் அதிகம் ஆகாது. உறிஞ்சு குழாயும் வடிகட்டிப் பையும் தான் பணம் கேட்கும். அதைத் தனித்தனியாக வாங்க முடியாதவர்கள், சிறுதொழில் கூட்டு வசதி மையத் திட்டங்களின் கீழ் கேட்டுப் பெற மாவட்டத் தொழில் மையம் உதவ வேண்டும். மணலை அடித்து வார்ப்பைச் சுத்தம் செய்யும் வழக்கத்தைப் பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்துவிட்டது. இரும்புக் குண்டுகளைக் கொண்டு அதே வேலையைச் செய்யலாம். நம் கடற்கரை மணலில் இருக்கும் கார்னெட் அடித்துச் சுத்தம் செய்வதற்கும், சிர்கான் அச்சு எடுப்பதற்கும் வெளிநாடுகளில் சிலிக்கா மணலுக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. தனியார் மணல் அள்ளுவதை 2013இல் அரசு நிறுத்தியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன, அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. மாற்று மணல் என்று ஒன்று இருப்பதை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

முகக்கவசத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துண்டு கட்டினால் பெரிய தூசி நிற்கும், நோய் தரும் நுண்தூசி நிற்காது. ஐஎஸ் 9473 முத்திரை உள்ள வடிகட்டிக் கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால் நுண்தூசியையும் பெரிய அளவில் தடுக்கும். ஆனால் சித்திரை மாதத்து நெல்லை வெயிலில், உலையின் வெக்கையில், எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு மூச்சுவிடச் சொல்வது எளிதன்று. தூசியைக் கிளம்பும் இடத்திலேயே பிடித்த பிறகு எஞ்சுவதற்குத்தான் கவசம். ‘மாஸ்க் கொடுத்தோம், அவன்தான் போடவில்லை’ என்ற பதிலை ஆய்வாளர்கள் இனிமேல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மற்ற ஆபத்துகளை ஓரளவுக்கு எல்லோரும் அறிவார்கள். ஈரமான உடைசலைக் குழம்பில் போட்டால் தண்ணீர் ஒரு நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து உலையே வெடித்துத் தெறிக்கும். மழைக்காலத்தில் உடைசலைக் கூரைக்குள் வைத்து, சூடுகாட்டிப் போடவேண்டும். கால்சட்டைக்கு மேல் வரும் காப்பும், லேஸ் இல்லாத தோல் பூட்சும் குழம்பு ஊற்றுகிறவர்களுக்குக் கட்டாயம். கிரைண்டிங் பிடிப்பவர்களுக்குக் காதடைப்பான், வெக்கையில் நிற்பவர்களுக்கு உப்பிட்ட மோரும் நிழலில் ஓய்வும், வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் மாற்றுடை வைக்க ஒரு அறையும் வேண்டும். இவற்றைக் கேட்கும் குரல்கள் முன்பே இருக்கின்றன.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களிடம் முடிவாகக் கேட்பது: வரும் மூன்று மாதங்களுக்குள் இயக்ககம், காசநோய் மையம், மருத்துவக் கல்லூரி, இஎஸ்ஐ, மாவட்டத் தொழில் மையம் ஆகிய ஐந்தையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து, அதில் உரிமையாளர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் இடம் கொடுத்து, இரண்டு வேலைகளுக்குத் தேதி குறிக்க வேண்டும். ஒன்று, மாவட்டத்தில் உலை எரியும் இடங்களின் பட்டியலை வெளியிடுவது. மற்றொன்று, அவற்றில் நாக்-அவுட் நடக்கும் நேரத்திலேயே தூசியை அளப்பது. காலையில் கூட்டிப் பெருக்கி வைத்த பிறகு அளப்பதில் பயனில்லை. அளக்க வரும் குழுவுக்கு வழி காட்டவும், எந்த வேலையில் எந்த நேரத்தில் தூசி எழும் என்று கூடவே நின்று சொல்லவும், என்னைப் போல் ஓய்வு பெற்ற மோல்டர்கள் பலர் இப்பக்கத்தில் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பவுண்டரித் தொழிலாளி ஒருவர்,
திருநெல்வேலி.